பார்க்க வேண்டிய இடங்கள்

நெடுந்தீவுக்கு நாம் முதன்முதலாகச் சென்றது சென்ற ஆவணி விடுமுறையில். சென்றிருக்க வேண்டியதோ அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்னர். அந்தத் தாமதத்துக்குக் கடல் காரணமன்று, நாமே காரணம். அதனை உரிய இடத்தில் கூறுவோம்.

எமது பாடசாலையின் வரலாற்று மன்றத்து மாணவர் இருபத்திரண்டு பேர். வரலாறு கற்பிக்கும் சக ஆசிரியை ஒருவர். தமிழ் கற்பிக்கும் நாம். விடியுமுன் புறப்பட்ட பஸ் வண்டி பண்ணைப் பாலத்தைக் கடந்து, வேலணையூடாக வாணர் தாம்போதியிலேறி, புங்குடுதீவின் மேற்கு முனையிலுள்ள குறிகட்டுவான் துறையிற் கொண்டுபோய் எம்மை இறக்கியது. அங்கு எந்நாளும் திருவிழாக் கூட்டந்தான். ஆனால் அக்கூட்டம் நயினாதீவுக்குச் செல்வது. அம்மனைக் காணத் தமிழரும் விகாரையைக் காணச் சிங்களவரும் ஒரே படகில் நெருக்கியடித்துக்கொண்டு ஏறுகின்றனர். நெடுந்தீவுப் படகுக்குக் காத்திருப்போர் வேறு வகையினர். அவர்களின் கைகளில் அர்ச்சனைத் தட்டு இல்லை. எரிவாயுச் சிலிண்டர், மரக்கறி மூடை, சைக்கிள் ரயர், ஆஸ்பத்திரித் துண்டு, பிள்ளையின் பள்ளிக்கூடச் சப்பாத்து ஆகியனவே இருந்தன. ஒரு தீவில் என்ன இல்லை என்பதை அறிய விரும்புவோர், அத்தீவுக்குப் போகும் படகில் என்ன ஏற்றப்படுகிறது என்பதைப் பார்த்தாலே போதும்.

சோளகக் காற்றுக் காலம். வடதாரகை என்னும் அப்படகு துறையை விட்டு விலகிக் கால்மணி நேரம் ஆவதற்குள் மாணவர் பாதிப் பேரின் பாட்டு நின்றுவிட்டது. மறு கால்மணியில் வாந்தி தொடங்கியது. அருகிலிருந்த மூதாட்டி ஒருவர் தம் பையிலிருந்து தேசிக்காய் ஒன்றை எடுத்து நகத்தாற் கீறி எம் மாணவியொருத்தியின் கையிற் கொடுத்தார். "மணந்துகொண்டு இரு பிள்ளை. உங்களுக்கு ஒரு நாள்தானே" என்றார். அந்த 'ஒரு நாள்தானே' என்பதில் எவ்விதக் குத்தலும் இருக்கவில்லை. ஆறுதலாகவே சொன்னார். ஆயினும் அன்று முழுவதும் அச்சொல் எம்மைப் பின்தொடர்ந்தது.

ஏறத்தாழ ஒரு மணி நேரத்தின் பின் தீவின் துறையில் இறங்கினோம். எமக்காக ஒழுங்கு செய்யப்பட்டிருந்த வழிகாட்டி இரண்டு 'பட்டா' வாகனங்களுடன் காத்து நின்றார். இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். வெயிலிற் கறுத்த முகம். மடிப்புக் குலையாத சட்டை. கையிலே அச்சடித்த தாளொன்று: பார்க்க வேண்டிய இடங்கள் பத்து. மாணவரைப் பின்தட்டில் ஏற்றிப் பிடிகம்பியைப் பற்றிக்கொள்ளச் சொன்னபோது அவர் பேசிய பேச்சு அழகான தீவுப் பேச்சாயிருந்தது. முதலாவது இடத்தில் இறங்கியதும் அவரது குரல் மாறிற்று. "இவ்விடமானது வரலாற்றுத் தொன்மை வாய்ந்த மிகவும் புராதனமான பழைமையான இடமாகக் காணப்படுகின்றது" என்று தொடங்கினார். தொன்மை, புராதனம், பழைமை! ஒன்றையே மூன்றாகச் சொல்கிறாரே என்று எமக்குள் நகைத்துக்கொண்டோம். 'காணப்படுகின்றது' என்னும் சொல்லைக் கேட்டு, அருகில் நின்ற மாணவன் எம்மைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். வகுப்பில் அதனைச் சிவப்பு மையால் வெட்டுபவர் நாம் என்பது அவனுக்குத் தெரியும்.

முதலாவது இடம் கோட்டை. போர்த்துக்கேயர் கட்டியது, ஒல்லாந்தர் கையாண்டது என்பர். கூரையில்லை; மேல்மாடியின் தளமில்லை; தடித்த சுவர்களும் யன்னல் துவாரங்களும் நிற்கின்றன. எல்லாம் கடலிலும் நிலத்திலும் எடுத்த முருகைக்கல். அக்கல்லையே சூளையிற் சுட்டுச் சுண்ணாம்பாக்கி, அச்சுண்ணாம்பாலேயே கல்லோடு கல்லை ஒட்டியிருக்கிறார்கள். போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசை விழுத்தியது 1619இல். அவர்களை ஒல்லாந்தர் விரட்டியது 1658இல். ஆங்கிலேயர் வந்தது 1795இல். இம்மூன்று ஆண்டுகளையும் எம் மாணவர் நித்திரையிலும் ஒப்புவிப்பர். போர்த்துக்கேயர் இத்தீவைப் 'பசுத்தீவு' என்று தம் மொழியில் அழைத்தனர். ஒல்லாந்தர் தம் நாட்டு நகரங்களை இந்தக் கடலெங்கும் இறக்கி வைத்தனர்: நெடுந்தீவு டெல்வ்ற், வேலணை லெய்டன், புங்குடுதீவு மிடில்பேர்க், காரைநகர் அம்ஸ்ரடாம், அனலைதீவு ரொட்டர்டாம். பிறந்த பிள்ளைக்குப் பெற்றவர்தான் பெயரிடுவர். பிடித்த நிலத்துக்கோ பிடித்தவன் பெயரிடுகிறான். வேலணையும் புங்குடுதீவும் அப்பெயர்களை உதறிவிட்டன. நெடுந்தீவுக்கு மட்டும் ஆங்கிலத்தில் இன்றும் டெல்வ்ற் என்பதே பெயர்.

"இதைக் கட்டினது ஆர், அண்ணை?" என்று கேட்டான் சிறிய மாணவன் ஒருவன். "ஒல்லாந்தர்" என்றார் வழிகாட்டி. "ஒல்லாந்தர் கல்லுத் தூக்கினவையோ?" என்று மறுபடியும் கேட்டான் பையன். சிரிப்பெழுந்தது. எமக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஏனெனில் அந்த வினாவை நாம் எந்த வினாத்தாளிலும் கேட்டதில்லை. ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாண மக்கள் 'ஊழியம்' என்ற பெயரிற் குறித்த நாட்களுக்குக் கூலியின்றி வேலை செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டனர்; வராதவர் தண்டப்பணம் கட்டினர். தீவுகளிலும் மன்னாரிலும் மண்ணைக் கிண்டிச் சாயவேர் எடுத்துக் கொடுத்த மக்களும் இருந்தனர். அவ்வேரின் செந்நிறம் துணிகளில் ஏறிக் கடல் கடந்தது. கிண்டியவரின் பெயர் எங்கும் ஏறவில்லை. கல் சுமந்த தோள்களுக்குக் கல்வெட்டு இல்லை. எமது வைபவமாலையே ஒல்லாந்த அதிகாரியொருவரின் வேண்டுகோளுக்கிணங்க எழுதப்பட்டதாயின், வேறு எதைச் சொல்ல!

ஆனால் அந்தத் தோள்கள் தமக்கென்று கட்டியதும் இத்தீவில் உண்டு. அது தாளிலிருந்த பத்து இடங்களுள் ஒன்றன்று. வாகனம் ஓடிய ஒழுங்கைகளின் இருமருங்கிலும் வேலியெல்லாம் கல்வேலி. குடாநாட்டிலே கிடுகு வேலியைக் கண்டு பழகிய எம் கண்ணுக்கு அது பெரும் புதுமை. சாந்தில்லை, சுண்ணாம்பில்லை, முருகைக்கற்களை ஒன்றன்மேலொன்றாக இடுக்கி நெஞ்சளவுக்கு அடுக்கியிருக்கிறார்கள். காற்று இடைவெளிகளூடே புகுந்து போகிறது, வேலி விழுவதில்லை. மாடும் குதிரையும் உள்ளே வருவதில்லை. இந்தத் தீவில் மண் மெல்லிய போர்வை. அதன் கீழெல்லாம் கல். பயிர் செய்ய விரும்பியவன் முதலிற் கல்லைக் கிளப்ப வேண்டும். கிளப்பிய கல்லை எங்காவது வைக்க வேண்டும். வைத்த இடம் வேலியாயிற்று. ஒவ்வொரு வேலியும் ஒரு குடும்பத்தின் பல தலைமுறை உழைப்பின் கணக்கு. வாகனத்தை நிறுத்தச் சொன்னோம். "இதில பார்க்க ஒண்டுமில்லை சேர், இது வேலி" என்றார் வழிகாட்டி.

வெடியரசன் கோட்டை என்று சொல்லப்படும் இடத்தில் வட்ட வடிவான முருகைக்கல் மேடைகள் சிதைந்து கிடக்கின்றன. பல்கலைக்கழகத்தில் நாம் கண்ணகி வழக்குரையைப் படித்தபோது வெடியரசனை அறிந்தோம். கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி தேடி மீகாமன் கடலோடி வருகிறான். நெடுந்தீவை ஆண்ட வெடியரசன் வழிமறித்துப் போரிட்டுத் தோற்கிறான். சிலப்பதிகாரத்தில் இல்லாத இக்கதையை மட்டக்களப்பு மக்களும் தீவு மக்களும் காத்து வைத்திருக்கின்றனர். கடல்வழி வணிகனுக்கு எதிராகத் தன் கடலைக் காத்து நின்ற ஒரு தலைவனை அம்மக்கள் மறக்க விரும்பவில்லை போலும். தொல்பொருட் திணைக்களமோ அம்மேடைகளைப் பௌத்த தூபிகளின் எச்சம் என்கிறது. வழிகாட்டி இரண்டையும் சொல்லிவிட்டு எம்மைப் பார்த்தார். எதை நம்புவது என்று மாணவர் கேட்டனர். எமது ஆசிரியை அழகாக விடை சொன்னார்: "தூபியாயிருந்தால் நாங்கள் ஏன் பயப்படவேண்டும்? மணிமேகலை எந்தச் சமயத்துக் காப்பியம்?" உண்மை. தமிழ் பேசியோர் பௌத்தராயும் இருந்தனர். கல்லைக் கண்டவுடன் ஒரு சாரார் அதைச் சிங்களமாக்குவதும், மறுசாரார் அது தூபியே அன்று என்று சத்தியம் செய்வதும் ஒரே நோயின் இரு குணங்கள். இவ்விரு சாராரும் தம் வாதத்துக்காக மட்டுமே இத்தீவை நினைக்கின்றனர் என்பது மூன்றாவது குணம். வல்லரசுகளும் அப்படியே. 2021ஆம் ஆண்டு தைமாதத்தில் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் காற்றாலும் சூரிய ஒளியாலும் மின்சாரம் வழங்கும் வேலை சீன நிறுவனமொன்றுக்குக் கொடுக்கப்பட்டது. இந்தியா முகஞ் சுளித்தது. 2022 பங்குனியில் அது இந்தியாவின் நன்கொடையாக மாறியது. அன்று இத்தீவுகளின் பெயர் உலகப் பத்திரிகைகளில் அடிபட்டது. தீவாருக்கு என்ன வேண்டும் என்று எந்தப் பத்திரிகை கேட்டது?

மத்தியானச் சாப்பாடு வழிகாட்டியின் உறவினர் வீடொன்றில். ஒடியற்கூழ். மாணவர் உண்டு களைத்துத் திண்ணையிற் சாய்ந்தபோது, அந்த இளைஞரோடு நாம் பேசிக்கொண்டிருந்தோம். மீன்பிடித் தொழிலாம். படகு தமையனுடையது. கடல் கொடாத நாட்களில் இந்த வழிகாட்டி வேலை. அந்தத் தாளை யார் எழுதிக் கொடுத்தது என்று கேட்டோம். எங்கோ ஓரிடத்தில் நடந்த மூன்று நாள் பயிற்சியில் தந்தார்களாம். வரிக்கு வரி பாடமாக்கினாராம்.

"பிழை இருந்தாச் சொல்லுங்கோ சேர். ஓ. எல்லுக்குத் தமிழ் ஒழுங்காப் படிக்கக் கிடைக்கேல்லை. அந்த வருஷம் தமிழுக்குப் புதுசா ஒரு சேர் வாறார் எண்டு சொன்னவை. போட் வந்தது. சேர் வரேல்லை."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவோம். பத்து ஆண்டுகளுக்கு முன் பட்டதாரி ஆசிரியராக எமக்குக் கிடைத்த முதல் நியமனக் கடிதத்தில் இருந்தது இத்தீவின் பாடசாலையொன்றின் பெயர். கடிதத்தைக் கண்டதும் வீட்டில் இழவு விழுந்ததுபோலாயிற்று. 'கஷ்டப் பிரதேசம்' என்பது கல்வித் திணைக்களத்தின் சொல்; அதைக் கேட்ட மாத்திரத்தில் கஷ்டம் அங்கு வாழ்வோருக்கன்று, அங்கு அனுப்பப்படும் எமக்கே என்று விளங்கிக்கொள்வது எம் வர்க்கத்தாரின் இயல்பு. கடற்பயணம் உடம்புக்கு ஒவ்வாது என்றொரு வைத்தியச் சான்றிதழ் பெற்றோம். எமக்கு அறிமுகமான ஒருவர் இன்னொருவருக்கு அறிமுகமாயிருந்தார். மூன்று கிழமைக்குள் நியமனம் நகரத்துப் பாடசாலைக்கு மாறிற்று. அதே மாதத்தில் இலக்கியக் கூட்டமொன்றில், எழுத்தாளன் உழைக்கும் மக்களின் பக்கம் நிற்க வேண்டும் என்று நாம் முக்கால் மணி நேரம் பேசினோம். நல்ல கைதட்டல்.

வராத அந்தச் சேர் நாமே என்று உறுதியாகக் கூறமுடியாது. தீவிலே பாடசாலைகள் பல. அப்படி வராமல் விட்டவரும் பலர். ஆண்டும் சற்று முன்பின்னாக இருக்கலாம். இக்கணக்கை நாம் கூழ்ச்சட்டியின் முன்னிருந்து மனத்துக்குள் போட்டுப் பார்த்தோம் என்பதே வெட்கம். ஆண்டு ஒத்துவராவிட்டாற் குற்றம் ஒத்துவராதா? தொன்மை, புராதனம், பழைமை என்று அவர் அடுக்கியதற்கு நகைத்த நகை எம் தொண்டையிற் கட்டிக்கொண்டது. அவரிடம் எதனையும் சொல்லவில்லை. சொல்லத் துணிவிருக்கவில்லை. "பிழை ஒன்றுமில்லைத் தம்பி, நன்றாகச் சொல்கிறீர்" என்றோம். அதுவும் ஒரு பொய்தான்.

பிற்பகல் குதிரைகளைக் காணப் போனோம். மாணவர் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது இதற்காகவே. தெற்கே பரந்த வெளி; குட்டைப் புல்; தொலைவில் கடல் ஒரு வெள்ளிக் கோடு. அங்கே கூட்டங் கூட்டமாகச் சிறிய குதிரைகள், யாருக்கும் சொந்தமில்லாமல், தலையைக் குனிந்து மேய்ந்துகொண்டு நின்றன. அழகுதான், மறுக்கவில்லை. போர்த்துக்கேயர் கொண்டுவந்தனர், ஒல்லாந்தர் இங்கு குதிரை வளர்த்தனர், ஆங்கிலேயரும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்னும் படை அதிகாரியின் மேற்பார்வையில் அப்பண்ணையை நடத்தினர். படைக்குக் குதிரை வேண்டாமற் போனதும் கைவிட்டுப் போயினர். விடப்பட்டவற்றின் வழித்தோன்றல்களே இவை. நோலனைப் பற்றி ஒரு சிற்றரசனைப் பற்றிப் பேசுவதுபோலத் தீவில் இன்றும் கதை சொல்கிறார்கள். குதிரைக்குப் புல்லறுத்தவர், நீர் இறைத்தவர், சாணி அள்ளியவர் பற்றிக் கதையொன்றும் எம் காதில் விழவில்லை.

சாரப்பிட்டியில் பழைய குதிரை இலாயத்தின் தூண்கள் வரிசையாக நிற்கின்றன. அண்மையிலே கிணறுகள். தீவின் பெரும்பகுதியில் நிலத்தடி நீர் உவர். இப்பகுதியில் மட்டும் வாயில் வைக்கக்கூடிய நீர் ஊறுகிறது. குதிரை தண்ணீரின்றி நில்லாது. ஆகவே ஆட்சியாளன் தன் இலாயத்தை நல்ல தண்ணீர் உள்ள இடத்திற் கட்டினான். இது தற்செயலன்று. ஒரு தீவின் நல்ல தண்ணீர் எங்கே என்று முதலிற் கண்டுபிடிப்பவன் எப்போதும் அதிகாரத்தில் உள்ளவனே.

எம் மாணவர் கிணற்றடியில் நின்று படம் பிடித்துக்கொண்டிருந்தனர். சைக்கிளில் நாலு கலன்களைக் கட்டிக்கொண்டு வந்த பெண்ணொருத்தி சற்று நேரம் பொறுமையாக நின்றாள். பின்பு, "தம்பியவை, கொஞ்சம் அரக்கி நிக்கிறியளே, நான் இன்னும் ஒருக்கா வரவேணும்" என்றாள். ஆடி, ஆவணியில் தண்ணீருக்காக நாளின் ஒரு பங்கு இப்படியே போய்விடுமாம். கடல்நீரை நன்னீராக்கும் பொறி தீவில் உண்டு. தாங்கி வண்டியிலும் தண்ணீர் விடுகிறார்கள். "வரேக்க வரும்" என்றாள். எமது ஆசிரியை கோடையிற் குதிரைகள் தண்ணீரில்லாமல் இறந்ததாகப் பத்திரிகையிற் படித்ததைச் சொல்லி இரங்கினார். அந்தப் பெண் கலனைக் கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"ஓம் ரீச்சர். குதிரை செத்தாப் பேப்பரில வரும். அதுகளும் பாவந்தான். நாங்கள் சாகேல்லைத்தானே, எங்களைப் பற்றி என்ன எழுதுறது?"

தீவின் ஒரு பகுதி 2015இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. குதிரைக்கு ஒரு சட்டம் பாதுகாப்பளிப்பதில் எமக்கு ஆட்சேபமில்லை. ஆனால் பாதுகாக்கப்பட வேண்டியவற்றின் பட்டியலில் அந்தப் பெண் எங்கே இருக்கிறாள் என்று தேடுகிறோம்.

அங்கேயே உயர்தர வகுப்பு மாணவனொருவன் மெதுவாகக் கேட்டான்: "சேர், இந்தக் கிணத்தில எல்லாரும் அள்ளலாமோ?" அவன் ஏன் கேட்டான் என்பது எமக்குத் தெரியும். குடாநாட்டிலே ஊர்க்கிணற்றின் கட்டில் கால் வைக்கவும், கோயிலின் வாசலைத் தாண்டவும், தேநீர்க்கடையிற் சரிசமமாக இருக்கவும் உரிமை மறுக்கப்பட்ட மக்களின் வழிவந்தவன் அவன். 1966ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கித் தீண்டாமைக்கெதிராக ஊர்வலம் புறப்பட்டபோது, அதன்மீது பொலிசாரின் தடியடி விழுந்தது. அந்த ஊர்வலத்தில் அவனுடைய பாட்டனார் நடந்தவர். பாடநூலில் ஒல்லாந்தக் கோட்டைக்கு இடமுண்டு. அந்த ஊர்வலத்துக்கு இடமில்லை. வழிகாட்டி அக்கேள்விக்கு விடை சொல்லவில்லை. கிணற்றிலிருந்து ஒரு வாளி அள்ளி, "இந்தா, குடி" என்று மாணவனிடம் நீட்டினார். அவன் குடித்தான். தண்ணீர் சற்று உப்புத்தான் என்றான்.

எஞ்சிய இடங்களைப் பற்றி விரித்து எழுத விருப்பமில்லை. உட்புறம் பொந்தாகி மாணவர் ஐந்தாறு பேர் ஒருங்கே புகுந்துகொண்ட பெருக்கமரத்தை அராபியர் கொண்டுவந்தனர் என்பர். புறாக்கூடு பார்த்தோம். பாறையிற் பதிந்த பாரிய பாதம் ஒன்றைப் பார்த்தோம். அது ஆதாமுடையது என்பாரும் அனுமனுடையது என்பாரும் உளர். வளரும் கல் என்று மக்கள் பூச்சாற்றிக் கும்பிடும் கல்லையும் பார்த்தோம். அது வளர்கிறதோ என்னவோ, ஒரு மாணவன் அளந்து குறித்துக்கொண்டான். அடுத்த முறை வந்து பார்ப்பானாம்.

மாலைப் படகுக்குத் துறைக்குத் திரும்பினோம். பத்து இடங்களும் முடிந்தன. தாளின் பத்து இலக்கங்களுக்கும் மாணவர் சரி அடையாளம் இட்டுவிட்டனர். துறைக்கு அருகே நினைவுச் சின்னமொன்று நிற்கிறது. காலையில் வந்திறங்கிய அவசரத்தில் அதை யாரும் கவனிக்கவில்லை. கவனிக்கும்படி யாரும் சொல்லவுமில்லை. மாணவி ஒருத்தி, தேசிக்காய் பெற்றவள்தான், அதன் முன் போய் நின்றாள். "அண்ணை, இது என்ன?"

வழிகாட்டி உடனே விடை சொல்லவில்லை. "அது லிஸ்ரில இல்லைத் தங்கச்சி" என்றார்.

"ஏன்?"

"அதை நாங்கள் காசுக்குச் சொல்லுறேல்லை."

1985ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் திகதி. இத்துறையிலிருந்து 'குமுதினி' என்னும் படகு குறிகட்டுவானை நோக்கிப் புறப்பட்டது. நாம் வந்த அதே வழி. அதே ஒரு மணி நேரம். ஆசிரியர், அரசாங்க ஊழியர், சந்தைக்குப் போவோர், கைக்குழந்தையோடு தாய்மார். நடுக்கடலிற் படகு மறிக்கப்பட்டது. ஏறியவர்கள் கத்தியாலும் கோடரியாலும் பயணிகளை வெட்டினர். ஏறியவர்கள் கடற்படையினரே என்று உயிர் தப்பியோர் சாட்சி கூறினர். அச்சாட்சியங்களைச் சர்வதேச மன்னிப்புச் சபையும் பதிவு செய்தது. இறந்தோர் தொகை 23 என்பாரும், 33 என்பாரும், 36 என்பாரும் உளர். ஆண்டும் மாதமும் நாளும் இவ்வளவு அண்மையிலிருந்தும், இறந்தவரின் தொகையைத் திட்டமாகச் சொல்ல ஓர் அரசாங்க ஏடு இல்லை. கோட்டை கட்டியவனின் ஆண்டை நித்திரையிலும் சொல்லும் எம் மாணவருள் இந்தத் திகதியை அறிந்தவர் எத்தனை பேர் என்று பார்த்தோம். மூவர். அந்த மூவருக்கும் அதைச் சொன்னது வீடு, பாடசாலையன்று.

வழிகாட்டி, கேட்டவளின் முகத்தைப் பார்த்து, சற்று நேரங் கழித்துத் தாமாகவே சொன்னார். காலையில் ஒப்புவித்த குரலன்று, தீவுப் பேச்சு.

"என்ரை அம்மம்மான்ரை தங்கச்சி அதில போனவ. தைக்கக் குடுத்த சட்டையை எடுக்கப் போனவவாம். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அம்மம்மா அதுக்கு மேல சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை."

அதிலே ஓர் அடைமொழி இல்லை. தொன்மையும் புராதனமும் பழைமையும் இல்லை. எமது பத்தாண்டு ஆசிரிய வாழ்வில், தமிழ் உரைநடை என்றால் இதுதான் என்று கரும்பலகையில் எழுதக்கூடிய ஐந்து வாக்கியங்களை அன்று துறைமேடையிற் கேட்டோம். எழுதவில்லை. காசுக்குச் சொல்லாததைப் புள்ளிக்கும் சொல்லலாகாது என்று தோன்றிற்று. இங்கு எழுதுவது அவரிடம் கேட்டுப் பெற்ற அனுமதியுடன்.

வரலாறு என்பது அரசர் கதையன்று, மக்கள் கதை என்று நாம் எழுதியிருக்கிறோம். இத்தகைய ஏடுகளில் நீங்களும் படித்திருக்கிறீர்கள். அதைச் சொல்வது எளிது. ஆனால் மக்கள் தம் கதையை எமக்குச் சொல்ல ஏன் விரும்ப வேண்டும் என்ற கேள்வியை நாம் எழுப்பியதில்லை. ஒரு நாளைக்கு வந்து போகிறவனுக்குக் கோட்டையைக் காட்டலாம், குதிரையைக் காட்டலாம். கூலிக்கு அது போதும். அதற்கு மேல் எதையும் கேட்க, வந்தவன் யார்? வரவேண்டிய நாளில் வராதவனாயிருந்தால்?

மாலைப் படகிற் கடல் சற்றுத் தணிந்திருந்தது. மாணவர் பாடவில்லை. பாடவேண்டாமென்று நாம் சொல்லவுமில்லை. அந்த மாணவி கரை தெரியும்வரை தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பயணம் முடிந்ததும் கட்டுரை எழுதச் சொல்வது பாடசாலை வழக்கம். இருபத்திரண்டு கட்டுரைகளில் பதினைந்து, 'நெடுந்தீவானது வரலாற்றுத் தொன்மை வாய்ந்த தீவாகக் காணப்படுகின்றது' என்று தொடங்கின. நாம் வெட்டவில்லை. பிழை யாருடையது என்று தெரிந்துவிட்ட பின் சிவப்பு மை ஏது? நாலு பேர் கிணற்றடிப் பெண்ணை எழுதியிருந்தனர். ஒருவன் கல்வேலியின் படத்தைக் கீறி, கீழே 'கட்டியவர்: இங்குள்ளவர்கள்' என்று மட்டும் குறித்திருந்தான்.

தைமாதத்தில் அந்த வழிகாட்டிக்குத் தொலைபேசி எடுத்தோம். அடுத்த ஆண்டு மாணவரையும் கூட்டிவர விருப்பம். எப்போது வரலாம் என்று கேட்டோம். இனித் தயங்கக்கூடாதென்று, பத்தாண்டுக்கு முந்திய கதையையும் சொன்னோம். எதிர்ப்புறத்தில் மௌனம். பிறகு, எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டார். சொன்னோம். "நான் படிச்சது அதில்லை சேர்" என்றார். சற்றுப் பொறுத்து, "அங்கையும் வரேல்லைத்தான்" என்றார்.

மே மாதம் 15ஆம் திகதி வரச் சொல்லியிருக்கிறார். அன்று காலையில் துறையடியில் விளக்கேற்றுவார்களாம். அன்று தாம் வாகனம் ஒழுங்கு செய்யமாட்டாராம், காசும் வாங்கமாட்டாராம்; நின்று பார்த்துவிட்டு, மத்தியானம் வீட்டில் சாப்பிட்டுவிட்டு மாலைப் படகிற் போகலாம் என்றார். மாணவர் பதினெட்டுப் பேர் பெற்றோரின் சம்மதக் கடிதம் கொண்டுவந்து தந்துவிட்டனர். பயணத்துக்கான விண்ணப்பத்தில் 'நோக்கம்' என்றொரு கட்டம் இருக்கிறது. சென்ற முறை அதிற் 'கல்விச் சுற்றுலா' என்று எழுதினோம். இம்முறை 'அஞ்சலி' என்று எழுதிக் கொடுத்தோம். அதிபர் இன்னும் கையொப்பமிடவில்லை.